பழைய ரவுட்டரை வீட்டின் இரண்டாவது வைஃபை பாயின்ட்டாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்த்தளத்தில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, மாடி அறையில் சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது, பரணில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். இன்டர்நெட் கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன பெட்டியை ‘மெயின் ரவுட்டர்’ என்று சொல்கிறோம். உதாரணங்களில் அதன் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) 192.168.1.1. உங்கள் வீட்டில் வேறாக இருந்தால் (ஜியோ ஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1) முதல் மூன்று எண்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. பழைய ரவுட்டரை வச்சு மாடியில வைஃபை வர வைக்க முடியுமா? அதுக்குன்னு ஏதாவது வாங்கணுமா?

முடியும். வேண்டியது கீழிருந்து மாடிக்கு ஒரு நெட்வொர்க் கேபிள், பழைய ரவுட்டர், அதன் அடாப்டர், அரை மணி நேரம். கேபிளைத் தவிரச் செலவு எதுவும் இல்லை.

செய்யப்போவது இவ்வளவுதான். வீட்டில் உள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் ஐபி முகவரி கொடுக்கும் வேலையை மெயின் ரவுட்டர் ஒன்றே பார்க்க வேண்டும். பழையது அந்த வேலையை விட்டுவிட்டு, கேபிளில் வருவதை வைஃபையாக வெளியே விடும் பெட்டியாக மட்டும் இருக்க வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, வீட்டில் இரண்டு பெட்டிகள் முகவரி கொடுக்கத் தொடங்குவதால் வருபவைதான்.

2. என்கிட்ட இருக்கிறது ரொம்பப் பழசு. தேறுமா?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது பாதுகாப்பு: செட்டிங்கில் டபிள்யூபிஏ2 என்ற தேர்வு இருக்க வேண்டும். வெறும் டபிள்யூஇபி மட்டும் இருந்தால் அந்தப் பெட்டியை வைஃபைக்குப் பயன்படுத்த வேண்டாம். அந்தப் பூட்டைச் சில நிமிடங்களில் உடைக்கும் கருவிகள் பல வருடங்களாகப் பொதுவில் கிடைக்கின்றன.

இரண்டாவது வைஃபை தலைமுறை. பெட்டியின் அடியில் 802.11 ‘ஜி’ என்று மட்டும் போட்டிருந்தால் ஏட்டளவில் 54 எம்பிபிஎஸ், கையில் கிடைப்பது 20 சொச்சம். ‘என்’ என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது 50 முதல் 80 வரை வரும். படம் பார்க்க, வீடியோ காலுக்கு இது தாராளம். ‘ஏசி’ என்றால் 5 கிகாஹெர்ட்ஸும் இருக்கும், யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது லேன் போர்ட்டின் (வீட்டுக் கருவிகளைக் கேபிளால் இணைக்கும் துளை) வேகம், அதை 13-ஆம் கேள்வியில் விரிவாகச் சொல்கிறோம்.

3. போன் லைன் சொருகுற காலத்து மோடம் இருக்கு, அதுல வேன் போர்ட்டே கிடையாது. அது ஆகுமா?

ஆகும். வெளியிலிருந்து இன்டர்நெட் வரும் துளைதான் வேன் போர்ட், இந்த வேலைக்கு அதுவே தேவையில்லை (ஏன் என்பது 6-இல்). போன் லைன் துளையை அப்படியே விட்டுவிட்டு லேன் போர்ட்டுகளை மட்டும் பயன்படுத்துங்கள். முந்தைய இணைப்பின் பழைய ஃபைபர் பெட்டியும் இப்படியே உதவும். ஃபைபர் இல்லாததால் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும், அதனால் ஒன்றும் கெடாது.

ஆனால் ஃபைபர் பெட்டிகள் சிலவற்றில் செட்டிங் பக்கத்தை நிறுவனமே பூட்டி வைத்திருக்கும். முகவரி கொடுக்கும் வேலையை அணைக்க அனுமதி இல்லையென்றால் அது பயன்படாது. அந்தப் பெட்டி உங்களுடையதா, திருப்பித் தர வேண்டியதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

4. அடாப்டர் தொலைஞ்சு போச்சு. வீட்ல இருக்கிற வேற ஏதாவது அடாப்டரைப் போடலாமா?

வோல்ட் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியின் அடியில் 5, 9 அல்லது 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துபோகலாம். 12 வோல்ட் பெட்டிக்கு 9 கொடுத்தால் விளக்கு எரியும், வைஃபை வரும், ஆனால் நாலு பேர் பயன்படுத்தத் தொடங்கியதும் தானாக அணைந்து அணைந்து எழும். ஆம்பியர் மட்டும் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக்கூடாது. பிளக்கின் நடுமுனை பாசிட்டிவா என்று காட்டும் வட்டக் குறியும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சரியான அடாப்டர் இருந்தும் ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால், பல வருடம் ஓடிய அடாப்டரின் உள்ளே கெப்பாசிட்டர் உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். ரவுட்டரைத் தூக்கிப் போடுமுன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

5. சரி, செட்டிங்கை வரிசையா சொல்லுங்க.

இப்போதைக்கு மெயின் ரவுட்டருடன் இணைக்காதீர்கள். பழைய ரவுட்டருக்குக் கரண்ட் கொடுத்து, பின்புறச் சின்னத் துளையில் உள்ள ரீசெட் பட்டனை ஊசியால் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். எல்லா விளக்குகளும் ஒருமுறை மின்னினால் பழைய செட்டிங் அழிந்துவிட்டது. லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் கேபிளால் இணைத்து, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (192.168.0.1 அல்லது 192.168.1.1) பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். முதல் வேலை வைஃபை: பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், சேனல் 6 அல்லது 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். கையோடு லாகின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்து லேன் செட்டிங்குக்குப் போய் பழைய ரவுட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 ஆக மாற்றுங்கள், மாஸ்க் 255.255.255.0. சேவ் செய்ததும் அது ரீஸ்டார்ட் ஆகும். கேபிளை ஒருமுறை பிடுங்கிச் சொருகிவிட்டு 192.168.1.2 என்ற புது முகவரியில் மறுபடி நுழையுங்கள். இப்போது டிஹெச்சிபி சர்வரை ‘டிசேபிள்’ செய்து சேவ் செய்யுங்கள். முகவரி கொடுக்கும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். ஐபிவி6 பக்கம் இருந்தால் அங்கேயும் இதே வேலையை அணைத்துவிடுங்கள். டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டு முகவரியை அப்புறம் மாற்றப் போகிறவர்கள்தான் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

கடைசியாக மெயின் ரவுட்டரில் நுழைந்து, அது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை முகவரி கொடுக்கிறது என்று பாருங்கள். 100 முதல் 199 வரை என்றால் நம்முடைய 2 அதற்கு வெளியே இருக்கிறது, நல்லது. 2-இலிருந்தே தொடங்கினால் தொடக்கத்தை 50 ஆக்குங்கள், இல்லையென்றால் என்றோ ஒருநாள் அதே 2 ஒரு போனுக்குப் போய்ச் சேரும். இனி மெயின் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளைப் பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டில் சொருகுங்கள். எந்த லேன் போர்ட் என்றாலும் சரி. வேன் போர்ட் காலியாக இருக்கட்டும்.

6. வேன் போர்ட்லதானே இன்டர்நெட் வரணும்? ஏன் லேன்ல சொருகச் சொல்றீங்க?

வேன் போர்ட்டில் சொருகினால் பழைய ரவுட்டர் தன் பின்னால் தனியாக இன்னொரு நெட்வொர்க்கை உருவாக்கும். இன்டர்நெட் வரும், அதனால்தான் பலர் அதையே சரி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் மாடியில் உள்ள போன் கண்ணுக்குக் கீழே உள்ள பிரின்டர் தெரியாது, டிவிக்கு காஸ்ட் ஆகாது, ஆன்லைன் கேம்களில் குரல் இணைப்பு தகராறு செய்யும். ஒவ்வொரு தகவலும் இரண்டு முறை முகவரி மாறிப் போவதுதான் காரணம்.

இரண்டு ரவுட்டர்களும் தொழிற்சாலை முகவரியாக 192.168.1.1 வைத்திருந்தால் இன்டர்நெட்டே வராது. வேன் பக்கமும் லேன் பக்கமும் ஒரே எண் வரிசை என்பதால், தகவலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று பழைய ரவுட்டருக்குத் தெரியாது. லேன் போர்ட்டில் சொருகும்போது இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. பழைய ரவுட்டர், கேபிள்களை ஒன்றாக இணைக்கும் ஒரு சாதாரண நெட்வொர்க் சுவிட்ச் போல நடந்துகொள்ளும்.

7. என் ரவுட்டர்ல ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’னு ஒரு ஆப்ஷன் இருக்கே. அதைப் போட்டா போதுமா?

போதும். 5-இல் கையால் செய்த வேலையை அது ஒரே அழுத்தில் செய்துவிடும். டிபி-லிங்க், டி-லிங்க், டெண்டா மாடல்கள் பலவற்றில் இது உண்டு. இந்த மோடில் பெரும்பாலும் வேன் போர்ட்டும் லேன் போர்ட் போலவே மாறிவிடும், எதில் சொருகினாலும் வேலை செய்யும்.

ஒரு மாற்றத்தை மட்டும் கவனியுங்கள். இந்த மோடில் பல பெட்டிகள் தங்கள் சொந்த முகவரியை மெயின் ரவுட்டரிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். பிறகு பழைய முகவரியை அடித்தால் லாகின் பக்கம் வராது. மெயின் ரவுட்டரில் ‘கனெக்டட் டிவைசஸ்’ பட்டியலைத் திறந்து அது எந்த எண் வாங்கியிருக்கிறது என்று பார்த்து நுழையுங்கள்.

8. கேபிள் எது வாங்கணும்? எப்படி இழுக்கணும்?

கேட் 5இ போதும், கேட் 6 என்றால் இன்னும் நல்லது. இரண்டு பெட்டிகளுக்கும் இடையே 100 மீட்டர் வரை போகலாம், எந்தத் தனி வீட்டுக்கும் அது எட்டும். கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கேபிளில் அலுமினியக் கம்பி மேல் செம்பு பூசியிருப்பார்கள். ஒரு கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம். வளைக்கும் இடத்தில் அது முறியும், பிளக்கில் பிடிப்பும் நாளடைவில் விட்டுப்போகும்.

கரண்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்த்து நுழைக்கக்கூடாது. வயரின் உறை கிழிந்தால் 230 வோல்ட் நேராக ரவுட்டருக்கும் அதைத் தொடுகிறவர் கைக்கும் வரும். பல வீடுகளில் மொட்டைமாடி டிஷ் ஆன்டெனாவிலிருந்து ஹாலுக்கு வரும் டிவி கேபிளுக்கென்று தனிப் பைப் இருக்கும், அதுதான் நல்ல வழி. பயன்பாட்டில் இல்லாத டிவி கேபிள் உள்ளே கிடந்தால், அதன் முனையில் புதுக் கேபிளைக் கட்டி மறுமுனையில் இழுத்தால் வந்துவிடும். பிளக் மாட்டிய கேபிள் பைப் வளைவில் சிக்கிக்கொள்ளும், ஆகவே இழுத்த பிறகு பிளக்கைக் கிரிம்ப் செய்யுங்கள் (அதற்கான கருவியால் அழுத்திப் பொருத்துவது). இரு முனையிலும் ஒரே வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு.

வெளிச்சுவர் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறைக் கேபிளை வாங்குங்கள். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளின் உறை நம் ஊர் வெயிலில் ஓரிரு வருடங்களில் வெடித்து மழைநீரை உள்ளே விட்டுவிடும். வெளியே ஓடும் கேபிள் மின்னலின் தாக்கத்தையும் வாங்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் இரு முனையையும் கழற்றி வைப்பது இரண்டு ரவுட்டர்களையும் காப்பாற்றும்.

9. கேபிள் இழுக்கவே முடியாது, வாடகை வீடு. சும்மா ரிப்பீட்டரா போடலாமா?

பழைய ரவுட்டரில் ‘ரிப்பீட்டர்’ அல்லது ‘டபிள்யூடிஎஸ்’ தேர்வு இருந்தால் போடலாம். ஒரே ரேடியோ கீழிருந்து வாங்கி அதையே மறுபடி அனுப்ப வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். பலரும் செய்யும் தவறு, சிக்னல் இல்லாத அறையிலேயே ரிப்பீட்டரை வைப்பது. அது இரண்டு இடங்களுக்கும் நடுவில், மெயின் ரவுட்டரின் சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கும் இடத்தில், பெரும்பாலும் மாடிப்படித் திருப்பத்தில், இருக்க வேண்டும்.

கரண்ட் லைன் வழியாக நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் இன்னொரு வழி. நம் வீடுகளில் அதற்கு இரண்டு தடைகள்: மும்முனை இணைப்புள்ள வீட்டில் கீழும் மாடியும் வேறு வேறு பேஸில் இருந்தால் சிக்னல் பலவீனமாகும். ஒரு பிளக் இன்வெர்ட்டர் லைனிலும் மற்றது நேர் லைனிலும் இருந்தாலும் அப்படியே. வாங்குமுன் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள். எங்களைக் கேட்டால், சுவர் ஓரமாக கிளிப் அடித்துப் போகும் ஒரு மெல்லிய கேபிள் இவை இரண்டையும்விட மேல்.

10. மாடியில எந்த இடத்துல வச்சா நல்லா வரும்?

அதிகம் பயன்படுத்தும் அறையிலேயே, கண்ணில் படும்படி, ஆளுயரத்தில். ஸ்டீல் பீரோவின் மேலோ பின்னாலோ வைக்காதீர்கள், இரும்புத் தகடு சிக்னலை அப்படியே திருப்பிவிடும். பெரிய கண்ணாடி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் சுவர் இவையும் அப்படித்தான். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறும்.

கீழே இருப்பதற்கு நேர் மேலே வைக்காமல் வீட்டின் மறு ஓரத்துக்குத் தள்ளி வையுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் சிக்னலை வெகுவாகக் குறைக்கும். ஆனாலும் நேர் மேலே உள்ள அறைக்குக் கீழிருப்பதே ஓரளவு எட்டும்.

11. ரெண்டுக்கும் ஒரே பேர் வைக்கணுமா, வேற வேற பேரா?

ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை, வேறு வேறு சேனல். அப்போதுதான் போன் தானாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். மெயின் ரவுட்டர் ‘ஆட்டோ’வில் இருந்தால் அதை 1-இல் நிறுத்திவிட்டு, பழையதை 6 அல்லது 11-இல் வையுங்கள். 3, 4 என்று இடையில் வைத்தால் இரண்டு பக்கத்தோடும் உரசும். 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் ஒன்றை 36-இலும் மற்றதை 149-இலும் வைக்கலாம்.

அமைத்த முதல் வாரம் மட்டும் பழையதற்கு ‘மாடி’ என்று தனிப் பெயர் வைத்துப் பாருங்கள். எது பழுது, எது சரி என்று அப்போது எளிதில் பிரித்துத் தெரியும். எல்லாம் ஒழுங்காக ஓடிய பிறகு பெயரை ஒன்றாக்கலாம்.

12. மாடி ஏறி வந்தாலும் போன் கீழே இருக்கிறதையே பிடிச்சுட்டு விட மாட்டேங்குது. ஏன்?

எந்த ரவுட்டரைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன்தான். ரவுட்டருக்கு அதில் பெரிய பங்கில்லை. ஐபோன்கள் சிக்னல் மைனஸ் 70 டெசிபலுக்குக் கீழே போனால்தான் அடுத்ததைத் தேடத் தொடங்கும். கீழ்ரவுட்டர் மாடியில் மைனஸ் 65 கொடுத்தால், பக்கத்திலேயே நல்ல சிக்னல் இருந்தாலும் போன் நகராது.

மருந்து, கீழ்ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பவரைக் குறைப்பது. ‘டிரான்ஸ்மிட் பவர்’ என்ற இடத்தில் ‘ஹை’யை ‘மீடியம்’ ஆக்குங்கள். சிக்னலைக் குறைத்தால் நிலைமை சரியாகும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஒருமுறை செய்து பாருங்கள். பழைய ரவுட்டரை வைத்திருக்கும் இடத்தை மாற்றுவதும் (10-ஐப் பார்க்க) உதவும்.

13. கீழே 200 எம்பிபிஎஸ் வருது, மாடியில 90-ஐத் தாண்டவே மாட்டேங்குது.

பழைய ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை. ஒவ்வொரு தகவலோடும் சேர்ந்து போகும் முகவரி விவரங்கள் போக அதில் அதிகபட்சம் 94, 95 தான் கிடைக்கும். டிபி-லிங்க் 841என் போன்ற, லட்சக்கணக்கான வீடுகளில் இருந்த மாடல்கள் எல்லாம் இந்த வகைதான். செட்டிங்கால் இதை ஒன்றும் செய்ய முடியாது. அந்த வேகம் உங்கள் மாடிக்குப் போதுமா என்று மட்டும் யோசியுங்கள்.

பெட்டியில் ‘கிகாபிட்’ என்று போட்டிருந்தும் 94-இல் நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டுக் கம்பிகளில் நான்கு போதும் (1, 2, 3, 6), கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலமோ பழுப்போ பிளக்கில் சரியாகப் பிடிக்காமல் இருந்தால் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பிளக்கை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள். வேகம் 20-இலேயே நின்றுவிட்டால் வேறு காரணம்: பாதுகாப்பு வகை ‘டிகேஐபி’யில் இருக்கிறதா பாருங்கள். அதில் இருந்தால் ‘என்’ ரவுட்டரும் 54-க்கு மேல் இணைக்காது. ஏஇஎஸ்ஸுக்கு மாற்றியதும் சரியாகும்.

14. மாடி வைஃபையில கனெக்ட் ஆகுது, ஆனா ‘நோ இன்டர்நெட்’னு காட்டுது.

போனின் வைஃபை விவரத்தில் என்ன ஐபி வந்திருக்கிறது என்று பாருங்கள், அந்த ஒரு எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். 192.168.0-இல் தொடங்கினால் பழைய ரவுட்டர் இன்னும் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதாவது 5-இல் செய்த மாற்றங்கள் சேவ் ஆகவில்லை. லேப்டாப்பில் 169.254 என்று வந்தாலோ, போன் ‘அப்டெய்னிங் ஐபி அட்ரஸ்’ என்று சுற்றிக்கொண்டே இருந்தாலோ, முகவரி கொடுக்க யாருமே இல்லை: கேபிள் இணைப்பு போய்விட்டது, அல்லது வேன் போர்ட்டில் சொருகியிருக்கிறீர்கள். 192.168.1 என்று சரியாக வந்தும் இன்டர்நெட் இல்லையென்றால் கீழே போய் மெயின் ரவுட்டரிலேயே நெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

15. டிஹெச்சிபியை ஆஃப் பண்ணினதும் லாகின் பேஜுக்கே போக முடியல.

லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆள் இல்லாததுதான் காரணம். பழைய ரவுட்டரை மெயின் ரவுட்டருடன் இணைத்துவிட்டால் 192.168.1.2 தானாகத் திறக்கும். தனியாக வைத்துத் திறக்க வேண்டுமென்றால் லேப்டாப்பின் நெட்வொர்க் செட்டிங்கில் கையால் 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0 என்று போடுங்கள். முகவரியை மாற்றுமுன்பே டிஹெச்சிபியை அணைத்திருந்தால் 192.168.0.10 என்று போட்டு 192.168.0.1-ஐத் திறங்கள். வேலை முடிந்ததும் லேப்டாப்பைத் ‘தானாக’ என்பதற்கே மாற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் ஆபீஸில் கேபிள் சொருகும்போது நெட் வராது.

16. நல்லா ஓடிட்டு இருந்தது, திடீர்னு வீடு முழுக்க, கீழேயும் சேர்த்து, நெட் நின்னு போச்சு.

முதலில் பழைய ரவுட்டரின் கேபிளைப் பிடுங்குங்கள். கீழே நெட் திரும்பினால் சிக்கல் மாடியில் இருக்கிறது, கீழே உள்ளதைத் தொட வேண்டாம். அதிகம் நடப்பது, வைஃபை மந்தமானதும் வீட்டில் யாராவது பழைய ரவுட்டரின் ரீசெட் பட்டனை அழுத்திவிடுவது. பத்து விநாடியில் நாம் செய்ததெல்லாம் அழிந்து, அது மறுபடி முகவரி கொடுக்கத் தொடங்கும். அதன் தொழிற்சாலை முகவரி 192.168.1.1 என்றால் மெயின் ரவுட்டருடன் நேராக மோதும். சில போன்களில் நெட் வரும், சிலவற்றில் வராது, பத்து நிமிடத்தில் மாறிவிடும். அப்படி ஒழுங்கில்லாமல் இருந்தால் இதுதான் காரணம். ரீசெட் துளையின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

இன்னொரு காரணம் வளையம். சுத்தம் செய்யும்போது கீழே தொங்கிய கேபிள் முனையை நல்லெண்ணத்தில் காலியான போர்ட்டில் சொருகிவிடுவார்கள். ஒரே கேபிளின் இரு முனையும் ஒரே ரவுட்டரில் இருந்தாலும், இரண்டு ரவுட்டருக்கும் இடையே இரண்டு கேபிள்கள் இருந்தாலும், தகவல் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கை அடைத்துவிடும். எல்லா லேன் விளக்குகளும் ஒரே வேகத்தில் வெறிபிடித்தது போல மின்னினால் வளையம்தான். கேபிள் இணைத்த பிறகும் ரிப்பீட்டர் மோடை (9) அணைக்காமல் விட்டாலும் இதே வளையம், காற்றின் வழியாக.

17. பழைய ரவுட்டர்ல பிள்ளைங்களுக்கு நேரக் கட்டுப்பாடு போட்டேன். வேலையே செய்யல.

செய்யாது. லேனில் இணைத்த பிறகு பழைய ரவுட்டர் போவது வருவதை உள்ளே திறந்து பார்ப்பதில்லை. கட்டுப்பாடு, ஃபயர்வால், வேக ஒதுக்கீடு எல்லாமே மெயின் ரவுட்டரில்தான் போட வேண்டும். சில மாடல்களில் லாகில் (நடந்தவற்றின் பதிவில்) 1970 என்று தேதி காட்டுவதும் இதனால்தான், நேரம் தெரிந்துகொள்ள அதற்கு இன்டர்நெட் வழி இல்லை. ஆகவே நேரம் வைத்து வைஃபையை அணைக்கும் வசதியையும் நம்ப வேண்டாம்.

இங்கே 11-இல் சொன்ன ஒரே பெயர் இன்னொரு வகையிலும் உதவும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி மேக் முகவரி (ரவுட்டர் போனை அடையாளம் காணும் எண்) காட்டுகின்றன. இரண்டு பெயர் இருந்தால் ஒரே போன் மெயின் ரவுட்டரில் இரண்டு போனாகத் தெரியும். ஒன்றைத் தடுத்தால் பிள்ளை மற்றதில் நுழைந்துகொள்ளும்.

18. மாடியில குடியிருக்கிறவங்களுக்கு இதுல இருந்து நெட் கொடுக்கலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. லேனில் இணைத்தால் அவர்கள் போனும் உங்கள் கேமரா ரெக்கார்டரும் பிரின்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும். பழைய ரவுட்டரில் ‘கெஸ்ட்’ வைஃபை போட்டாலும் பெரும்பாலான மாடல்களில் அந்தப் பிரிப்பு இந்த அமைப்பில் வேலை செய்யாது.

‘அப்படியென்றால் வேன் போர்ட்டில் சொருகிக் கொடுத்தால் பிரிந்துவிடுமே’ என்று கேட்பார்கள். பிரியும், ஆனால் தலைகீழாக. வேன் போர்ட்டுக்குப் பின்னால் இருப்பவர்களை நீங்கள் பார்க்க முடியாது, ஆனால் தானாகத் தெரியாவிட்டாலும் முகவரியை அடித்து அவர்கள் உங்கள் பக்கத்தை எட்ட முடியும். தவிர, இணைப்பு உங்கள் பெயரில் இருக்கும்வரை அதில் யார் என்ன செய்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

19. அப்டேட்டே வராத பழைய பெட்டி. பாதுகாப்பா?

இன்டர்நெட்டைப் பார்த்து நிற்பது மெயின் ரவுட்டர் என்பதால், பழையதை வெளியிலிருந்து நேராகத் தாக்க முடியாது. அது பெரிய நிம்மதி. வீட்டுக்குள்ளிருந்து வரும் ஆபத்துக்கு லாகின் பாஸ்வேர்டை மாற்றுவதும், பாஸ்வேர்டு அடிக்காமல் இணைக்கும் டபிள்யூபிஎஸ் பட்டன் வசதியை அணைப்பதும் அவசியம். 2017-இல் டபிள்யூபிஏ2-இல் ‘கிராக்’ என்ற ஓட்டை வெளிவந்தது. சாதாரணமாக ஓடும் வைஃபையில் அதை அடைக்க வேண்டியது முக்கியமாகப் போனிலும் லேப்டாப்பிலும்தான், அவற்றை அப்டேட்டில் வைத்திருங்கள். ரிப்பீட்டர் மோடில் மட்டும் பழைய ரவுட்டரே போன் போல நடந்துகொள்வதால் அதற்கும் அந்த ஆபத்து உண்டு.

20. ராத்திரி பகலா ஓடினா கரண்ட் பில் ஏறுமா?

பழைய ரவுட்டர் சுமார் 5 வாட் எடுக்கும். ஒரு நாளைக்கு 0.12 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு ஏழு யூனிட் சொச்சம். கரண்ட் போகும் ஊராக இருந்தால் இரண்டு ரவுட்டருக்கும் பேக்கப் வேண்டும். மாடியில் மட்டும் இன்வெர்ட்டர் இருந்து கீழே இல்லையென்றால் வைஃபை காட்டும், நெட் வராது. ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் பெரும்பாலும் 12 வோல்ட், 9 வோல்ட் பெட்டிக்கு அதை மாட்டுமுன் 4-ஐ ஒருமுறை பாருங்கள்.

21. ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டா பழைய ரவுட்டர் புதுசு மாதிரி ஆகிடும்னு சொல்றாங்களே?

ரவுட்டரில் கம்பெனி போட்டதற்குப் பதிலாக ஏற்றும் நல்ல மென்பொருள்தான். ஆனால் 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் உள்ள பழைய மாடல்களில் அதன் இப்போதைய பதிப்புகள் ஏறாது. பரணில் கிடப்பவற்றில் பாதி இந்த வகை. உங்கள் மாடல் எண்ணோடு அடியில் உள்ள வெர்ஷன் எண்ணும் பொருந்தினால் மட்டும் முயலுங்கள், வெர்ஷன் மாறினால் பெட்டி எழுந்திருக்காது. வைஃபையை நீட்டுவது மட்டுமே நோக்கமென்றால் இது தேவையே இல்லை.

22. நாளைக்கு இன்டர்நெட் கம்பெனியை மாத்தினா இதெல்லாம் திரும்பச் செய்யணுமா?

பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். புது மெயின் ரவுட்டரின் முகவரி 192.168.29.1 என்றிருந்தாலும், அதன் லேன் போர்ட்டில் கேபிளைச் சொருகியதும் மாடியில் நெட் வரும். பழைய ரவுட்டர் வெறும் வழி விடுகிறதே தவிர முகவரியைப் பார்ப்பதில்லை. அதன் லாகின் பக்கம் மட்டும் 192.168.1.2-இலேயே தனித்து நிற்பதால் திறக்காது. திறக்க வேண்டிய அன்று 15-இல் சொன்னபடி லேப்டாப்புக்குக் கையால் முகவரி கொடுத்து நுழைந்து, 192.168.29.2 என்று மாற்றிவிடுங்கள்.

புதுப் பெட்டி வந்ததும் அதன் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பழையபடியே வைத்துவிட்டால் டிவி, கேமரா, பிரின்டர் எதிலும் மறுபடி பாஸ்வேர்டு அடிக்க வேண்டியிருக்காது. எழுத்தில் பெரியது சின்னது மாறினாலும் அவை அதை வேறு பெயராகவே எடுத்துக்கொள்ளும், ஆகவே ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அடியுங்கள்.